பொருக்குக் களைந்த பூதனார்

பரிமங்கலத்தை ஆண்ட அரையரின் குதிரை இலாயத்துக்கு மேற்கே, காற்று ஊர்ப்பக்கம் வீசாத ஒதுக்குப்புறத்தில், ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. தோலில் கட்டி கிளம்பிய குதிரையையும் புண் காய்ந்து பொருக்குத் தட்டிய குதிரையையும் அங்கே கொண்டுவந்து கட்டிவிட்டுப் போவார்கள். மற்ற குதிரைக்காரர்கள் அந்த வாசலை மிதிக்க மாட்டார்கள். மிதித்தவர் பூதனார் ஒருவரே.

பொருக்கைப் பிய்த்தெடுக்க அவர் மனம் ஒருநாளும் ஒப்பியதில்லை. வேம்பு போட்டுக் காய்ச்சிய நீரை வெதுவெதுப்பாக வார்த்து, புங்கெண்ணெயைத் தடவி, அது ஊறித் தானாக நெகிழும்வரை அருகிலேயே நிற்பார். கட்டிகளுக்குக் கொன்றை இலையை அரைத்துப் பூசுவார். கை போகும் போக்கிலேயே ஐந்தெழுத்தும் போகும். "சிவாய நம" என்று ஒருமுறை சொல்லி முடிவதற்குள் ஒரு பொருக்கு கையோடு வந்துவிடும். குதிரை உடம்பைச் சிலிர்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். வலியில் ஒரு குதிரையும் அவரை உதைத்ததில்லை.

வேலை முடிந்ததும் குளித்து, கொன்றைப் பூவைத் தொடுத்து எடுத்துக்கொண்டு கொன்றைநாதர் கோயிலுக்குப் போவார். சீழைத் தொட்டவன் உள்ளே வரக்கூடாது என்பது அவ்வூர்க் கட்டு. கோபுர வாசலுக்கு வெளியே நின்று, பூவை வாசற்படியில் வைத்துவிட்டு, தெரிந்த அளவு விளக்கொளியைக் கும்பிட்டுத் திரும்புவார். இதைப் பற்றி அவர் ஒருவரிடமும் முறையிட்டதில்லை. அவர் முறையிடவில்லை என்பதற்காக அது முறையாகிவிடாது. அரையர் ஏறிய குதிரையெல்லாம் அவர் கையால் ஆறிய குதிரை. ஏறியவருக்குக் கோயிலில் பரிவட்டம், ஆற்றியவருக்கு வாசற்படி!

ஊரார் அவருக்கு வைத்த பெயர் பொருக்கன். தாய் தந்தையர் இட்ட பெயரைச் சொல்ல அந்த வாய்களுக்கு வலித்தது போலும்.

"என்னடா பொருக்கா, இன்னைக்கு யாரு முதுகைச் சொறிஞ்சுவிட்ட?" என்று இலாயத் தலைவன் கொற்றன் கேட்பான். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

"வெள்ளையன் முதுகுங்க. நாளைக்குச் சேணம் போடலாம்" என்று பூதனார் பதில் சொல்வார். கேலி அவர் காதில் கேள்வியாகவே விழும்.

அவர் மனைவி நங்கையார் அப்படிப்பட்டவர் அல்லர். "அவன் உங்களைக் கேலி பண்றான். நீங்க குதிரைக்கு நலம் சொல்லிட்டு வர்றீங்களே!" என்று கொதிப்பார்.

"குதிரையைத்தானே கேட்டான்?" என்பார் பூதனார்.

பரிவேட்டைத் திருவிழா நெருங்கியது. அன்று இறைவன் மரக்குதிரை வாகனத்தில் ஏறி வேட்டைக்கு எழுந்தருள்வார். வாகனத்துக்கு முன்னே அரையரின் இலாயத்திலிருந்து வடுவில்லாத குதிரை ஒன்று நடந்து போகவேண்டும். அந்த ஆண்டு மாந்துளிர் என்னும் பெண் குதிரையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கொற்றன் அதை அடைமழையில் ஓட்டிப்போனான். திரும்பி வந்தவன் நனைந்த சேணத் துணியைக் கூடக் கழற்றாமல் கட்டிப்போட்டுவிட்டான். துணி முதுகிலேயே கிடந்து புழுங்கியது. எடுத்துப் பார்த்தபோது கழுத்தடி முதல் இடுப்புவரை கட்டி கட்டியாகத் தடித்து, பொருக்குக் கட்டியிருந்தது.

கொற்றன் செய்தது அதற்கு மேல். பொருக்கெல்லாம் மறையும்படி மஞ்சளையும் சந்தனத்தையும் அப்பி, மேலே பட்டுத் துணியைப் போர்த்தினான். "ஐயா, மூடாதீங்க. காத்துப் படட்டும். மூடினா உள்ளே சீழ் வைக்கும்" என்று பூதனார் கெஞ்சினார். "உன் வேலையைப் பாரு, பொருக்கா" என்றான் அவன். மூடியதால் சீழ் வைத்தது. நாற்றம் அரையர்வரை போயிற்று.

அப்போது அந்தக் கொற்றன் தன் குற்றத்தைக் கொண்டுபோய் யார் தலையில் வைத்தான், பாருங்கள். "அரையரே, இது வியாதி இல்லை, சாமி குத்தம். இந்தப் பொருக்கன் கோயில் கொன்றை மரத்துல இலையைத் திருடி அரைச்சுச் சீழ்ல பூசுறான். சாமி மரத்துல கை வெச்சவன் தொட்ட குதிரை வேறெப்படி இருக்கும்?" என்று சபையில் சொன்னான்.

திருடன்! ஏரிக்கரையில் கொன்றை காடாக வளர்ந்திருக்க, அங்கே நடந்து போய்ப் பறித்து வந்தவரைத் திருடன் என்றார்கள். கோயில் மரத்தை அவர் தொட்டதில்லை. மரம் நிற்கும் பிராகாரத்துக்குள்தான் அவரை விட்டதில்லையே! உள்ளே போகாதவன் எப்படித் திருடுவான் என்று அந்தச் சபையில் கேட்க ஒரு நாக்கு இல்லை. இன்றும் பூதனார் வழிவந்த எங்கள் குலத்தைப் பார்த்து இலைத்திருடர் மரபு என்று பேசுவோர் உண்டு. அவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கட்டும்.

பூதனார் கோயில் வாசற்படிக்கும் வரக்கூடாது, குதிரையைக் காட்டில் துரத்திவிடவேண்டும் என்று அரையர் தீர்ப்புச் சொன்னார். அது புலி நடமாடும் காடு.

"நான் திருடலைங்க. இந்தக் குதிரையும் ஒரு பாவமும் பண்ணலை. என்னை என்ன வேணாலும் பண்ணுங்க. புண்ணோட காட்டுக்கு அனுப்பாதீங்க, இரத்த வாடைக்குப் புலி வந்துரும்" என்றார் பூதனார். அவரை வெளியே தள்ளினார்கள்.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. துரத்தப்பட்ட மாந்துளிரின் பின்னாலேயே போய், ஏரிக்கரையில் அதை மறித்துப் பிடித்தார். நங்கையார் சட்டியும் எண்ணெயுமாக வந்து சேர்ந்தார். காவலுக்கு நெருப்பு மூட்டிக்கொண்டு இருவரும் அங்கேயே தங்கினார்கள். கோயில் இருந்த திசையைப் பார்த்து ஒரு கும்பிடு. பிறகு குதிரையின் முதுகு. அவருடைய பூசை அதுவாயிற்று.

பரிவேட்டை நாள் விடிந்தது. அலங்காரத்துக்காக வாகனத்தின் உறையை நீக்கிய குருக்கள் அலறிவிட்டார். மரக்குதிரையின் முதுகெங்கும் கட்டிகள். கழுத்தடி முதல் இடுப்புவரை பொருக்கு. கொற்றன் முந்திக்கொண்டு ஒன்றைச் சுரண்டினான். மரத்திலிருந்து இரத்தம் கசிந்தது.

"பட்டு கொண்டாங்க! போட்டு மூடுங்க, சனம் பார்க்கக் கூடாது" என்று கத்தினான். அந்தக் கைக்கு வேறென்ன தெரியும்? மூடினார்கள். இறைவனை மேலே எழுந்தருளச் செய்து தோள் கொடுத்தார்கள். வாகனம் அசையவில்லை. கருவறையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"மூடாதே! என் மரத்தை அவன் தொட்டதில்லை. தொட்டிருந்தாலும் அது என் குதிரைக்கே ஆகியிருக்கும். மருந்திட்ட கையைத் திருட்டுக்கை என்றீர்கள். அவன் வராமல் நான் ஏறமாட்டேன்."

அரையர் வெறுங்காலுடன் ஏரிக்கரைக்கு ஓடினார். எதிரே வந்து நின்றவர் நங்கையார்.

"திருடன் இருக்கிற எடத்துல அரையருக்கு என்ன வேலை?"

"அம்மா, தப்பு பண்ணிட்டேன். சாமி எழுந்தருள மாட்டேங்குது. அவரை வரச் சொல்லுங்க."

பூதனார் திரும்பிப் பார்க்கவில்லை. மாந்துளிரின் முதுகில் எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது. "பாதியில விட்டா காஞ்சு இழுக்கும், அரையரே. இதை முடிச்சிட்டு வர்றேன்."

"சாமி காத்துக்கிட்டு இருக்காருய்யா!"

"அவரு காத்திருப்பாருங்க. இவளுக்குத்தான் வலிக்குது."

ஐந்தெழுத்தைச் சொல்லி ஒரு பொருக்கை எடுத்தார். கோயிலில் மரக்குதிரையின் முதுகிலிருந்து ஒரு பொருக்கு உதிர்ந்தது. மாந்துளிரின் முதுகு தெளியத் தெளிய, அங்கே வாகனத்தின் முதுகும் தெளிந்தது. கடைசிக் கட்டியும் அமுங்கியபோது, தோள் கொடுத்து நின்றவர்களுக்கு வாகனம் பூவைப்போல் இலேசாயிற்று. அவர்கள் கால்கள் அவர்கள் சொல்லைக் கேட்கவில்லை. அரச வீதியை விட்டு, ஊரெல்லையைக் கடந்து, ஏரிக்கரையில் போய் நின்றன. அடியார் வருவதற்குள் ஆண்டவன் வந்துவிட்டான்.

குருக்கள் திருநீற்றுத் தட்டை முதலில் பூதனாரிடம் நீட்டினார். கூட்டத்தில் கொற்றன் தலையைத் தொங்கப்போட்டு நின்றான்.

"கை சீழா இருக்குங்க சாமி. கழுவிட்டு வந்துர்றேன்" என்று பூதனார் பின்வாங்கினார்.

"கழுவ வேண்டாம்" என்றார் குருக்கள். அந்தக் கையைப் பிடித்து இழுத்து, அதிலேயே திருநீற்றை வைத்து மூடினார். பிறகு தம் கையையும் அவர் கழுவிக்கொள்ளவில்லை.

வாயற்ற உயிரின் வலியை இறைவன் காத்திருக்கும் வேளையிலும் பெரிதென்று எண்ணிய பூதனாரின் அடிகளை, தலைநிமிர்ந்து நிற்கும் நாங்கள் தலைதாழ்த்தி வணங்குகிறோம்.