இடப்பக்கம் பாடாத ஆம்ப்ளிஃபயர்

"அம்மிணி, இந்தப் பெட்டிக்கு என்னைக் கண்டாலே ஆகறதில்லீங்க" என்றார் தெய்வசிகாமணி.

மார்போடு அணைத்துத் தூக்கி வந்த பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரை மேஜைமேல் இறக்கினார். மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது.

ஹசீனா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன பண்ணுச்சு சார்?"

"எரியுதுங்க. பார்ட்ஸ் மாத்த மாத்த எரியுது."

கோவை டவுன்ஹால் பக்கம், ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்தது ஹசீனாவின் பட்டறை. பழைய பாட்டுப் பெட்டிகளை மட்டுமே அவள் பழுது பார்ப்பாள். வயது முப்பத்து நாலு.

தெய்வசிகாமணிக்கு அறுபத்து மூன்று. நூற்பாலையில் மெயின்டனன்ஸ் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு மாதமாக அவளிடம் வேலை கற்றுக்கொள்கிறார். செருப்பைப் படிக்குக் கீழேயே கழற்றிவிட்டுத்தான் மேலே ஏறுவார். வேண்டாம் என்று அவள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"யாருடைய செட்டு?"

"என் மச்சினன் செங்கோட்டுவேலோடதுங்க. ஞாயித்துக்கிழமை அவனுக்கு அறுபதாம் கல்யாணம். வீட்லதான் வெச்சிருக்கான். இதுலதான் பாட்டு ஓடணும்னு ஒரே பிடிவாதம். இடப்பக்கம் பாடலை, மாமா கை பட்டாச் சரியாயிரும்னு எங்கிட்டக் குடுத்தான்."

"எப்ப?"

"மூணு வாரமாச்சுங்க."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

தெய்வசிகாமணி மேஜை விளிம்பைத் தடவினார்.

"முடிச்சுட்டு வந்து காட்டலாம்னு இருந்தனுங்க."

ஹசீனா சிரிக்கவில்லை. ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினாள். அவர் உட்கார்ந்தார்.

"என்னென்ன மாத்துனீங்க?"

"சத்தத்தைப் பெருசாக்குற டிரான்சிஸ்டர், பக்கத்துக்கு ரெண்டா நாலும் புதுசு போட்டேன். சுத்தி இருந்த சின்னப் பார்ட்ஸையும் மாத்தினேன். பத்து நிமிஷம் பாடுச்சு. அப்பவும் வலப்பக்கம் மட்டுந்தான். அப்புறம் பட்டுனு ஒரு சத்தம், புகை. மறுபடியும் நாலு வாங்கிப் போட்டேன். அஞ்சு நிமிஷம். நேத்து மூணாந்தடவை. ஒரு பல்லவிகூட முடியலீங்க."

"எதனாலன்னு நினைக்கறீங்க?"

"முதல்ல எங்க வீட்டுக் கரண்ட்டுன்னு நினைச்சேன். அப்புறம் என் கண்ணுல கோளாறுன்னு கண்ணாடியை மாத்தினேன். இப்பப் பெட்டிமேலதான் சந்தேகம். அம்பது வருஷப் பழசுங்களே, உள்ளுக்குள்ள என்னமோ உளுத்துப் போச்சு."

"புது டிரான்சிஸ்டர்மேல?"

"அது புதுசுங்களே!"

ஹசீனா ஆம்ப்ளிஃபயரைத் திறந்தாள். கருகிய புது டிரான்சிஸ்டர் ஒன்றைக் கழற்றி எடுத்தாள். இரும்புத் தொப்பி கவிழ்த்தது போல் பளபளவென்று இருந்தது. அதை வைஸில் இறுக்கிவிட்டு, ஆக்சா பிளேடை அவர் கையில் கொடுத்தாள்.

"அறுங்க."

"அம்மிணி?"

"தொப்பியை மட்டும்."

அறுத்தார். தொப்பி கழன்று உருண்டது. உள்ளே தாராளமான இடம். நட்டநடுவில் கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி.

ஹசீனா அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்து வந்தாள். எப்போதோ செத்துப்போன ஓர் அசல். அதையும் யாரோ அறுத்து வைத்திருந்தார்கள். அதன் நடுவில், வேலை செய்யும் அந்தச் சில்லு சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு இருந்தது.

தெய்வசிகாமணி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் காது சிவந்தது.

"ஒரிஜினல்னு சத்தியம் பண்ணிக் குடுத்தானுங்க கடைக்காரன்! இப்பவே போய் ரெண்டுல ஒண்ணு பார்த்துட்டு வரேன்."

"உட்காருங்க சார். சண்டை திங்கக்கிழமையும் போடலாம். இன்னிக்கு வெள்ளி."

அவர் மறுபடி உட்கார்ந்தார்.

"கழட்டின பழசெல்லாம் எங்கே?"

"வீட்டுல. ஊறுகா பாட்டில்ல போட்டு வெச்சேன்."

"எடுத்துட்டு வாங்க."

ஒரு மணி நேரத்தில் பாட்டிலோடு வந்து சேர்ந்தார். ஹசீனா மீட்டரை அவர் பக்கம் நகர்த்தினாள். அவரே டிரான்சிஸ்டர்களை வைத்துப் பார்த்தார்.

ஒன்று நன்றாக இருந்தது. இரண்டாவதும் நன்றாக இருந்தது. மூன்றாவதை இரண்டு தடவை பார்த்தார். அதுவும் நன்றாகவே இருந்தது. நாலாவதின் கால் ஒன்று ஒடிந்து போயிருந்தது.

"இது?"

"கழட்டும்போது குறட்டால இழுத்தனுங்க" என்றார் மெதுவாக.

"இடப்பக்கம் பாடலைன்னுதானே குடுத்தாரு?"

"ஆமாங்க."

"வலப்பக்கம் ஏன் மாத்துனீங்க?"

தெய்வசிகாமணி ஊறுகாய்ப் பாட்டிலின் மூடியைத் திருகினார். கீழே துணிக்கடையில் யாரோ புடவைக்கு விலை பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

"பழசுங்களேன்னு..." என்றார் கடைசியில்.

ஒடிந்ததற்குப் பதிலாகப் போட, ஹசீனா தன் டப்பாவைத் திறந்து, காகிதத்தில் சுற்றி வைத்திருந்த ஒரு டிரான்சிஸ்டரை எடுத்தாள். மீட்டரில் வைத்தாள். முள் அசையவில்லை. ஜன்னலோரக் குப்பைக் கூடையில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள்.

தெய்வசிகாமணி பதறினார்.

"அம்மிணி, உங்க டப்பாவுலயேங்களா?"

"என் டப்பாவுக்குக் கொம்பா முளைச்சிருக்கு?" என்றாள் அவள். இரண்டாவது நன்றாக இருந்தது.

அன்று மாலைவரை தெய்வசிகாமணி தலை நிமிரவில்லை. மூன்று வாரத்தில் தான் போட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தார். மீட்டரில் வைத்தார். புதிதில் சரிபாதி குப்பைக் கூடைக்குப் போனது. பழையதில், கால் ஒடிந்ததைத் தவிர எதுவும் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் "அட!" என்றார். முதலில் அது முனகலாக இருந்தது. போகப் போகச் சிரிப்பாக மாறியது.

சனிக்கிழமை காலையில் பழைய பார்ட்ஸ் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிட்டன.

மின்சாரம் நேராகப் போகாமல், நடுவே ஒரு குண்டு பல்பை மாட்டினாள் ஹசீனா. கோளாறு இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், பெட்டி பிழைக்கும்.

"போடுங்க சார்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டார்.

"கண்ணைத் திறந்து பாருங்க."

பல்பு ஒரு நொடி பளிச்சென்றது. அப்புறம் மங்கி, பூனைக்கண் போலச் சிவந்து நின்றது. புகை வரவில்லை. வலப்பக்க ஸ்பீக்கரில் நாதஸ்வரம் கிளம்பியது.

இடப்பக்கம் மௌனம்.

தெய்வசிகாமணியின் தோள் தொங்கிவிட்டது.

"இருந்த இடத்துக்கே வந்துட்டனுங்க."

"ஆமா" என்றாள் ஹசீனா சந்தோஷமாக. "இப்பத்தான் அவரு குடுத்த செட்டு நம்ம கைக்கு வந்திருக்கு."

ஆம்ப்ளிஃபயரின் முகப்பில் சின்னதாக ஒரு நெம்பு சுவிட்ச் இருந்தது. எந்த ஸ்பீக்கர் பாட வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது. அவள் அதைச் சுட்டினாள்.

"இதை மேலயும் கீழயும் ஆட்டுங்க."

"எத்தனை தடவைங்க?"

"கை வலிக்கிற வரைக்கும்."

ஆட்டினார். டக், டக், டக். பத்து, இருபது. பல வருடம் அசையாமல் ஒரே பக்கம் கிடந்து, உள்ளே களிம்பேறிய சுவிட்ச். இருபத்தைந்தாவது தடவை இடப்பக்கம் கரகரவென்று இருமியது. முப்பதுக்கு மேல் எண்ணவில்லை. திடீரென்று நாதஸ்வரம் அறை முழுக்கப் பரவி நின்றது. வலமும் இடமும் சேர்ந்து.

தெய்வசிகாமணி கையை எடுக்காமல் அப்படியே நின்றார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். ஹசீனாவும் சேர்ந்துகொண்டாள். கீழிருந்து துணிக்கடைக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"அம்மிணி, நேத்தே உங்களுக்குத் தெரியுங்களா, இந்தச் சுவிட்சுதான்னு?"

"தெரியாது."

"பின்ன எப்படிங்க?"

"அதுதான் கைக்குப் பக்கத்துல இருந்துச்சு."

அவர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் போன் அடித்தது. செங்கோட்டுவேல்.

போன தடவையெல்லாம் பார்ட்ஸ் வரவில்லை, கடை லீவு, கரண்ட் இல்லை என்று மூன்று பொய் சொல்லியிருந்தார். இப்போது போனை ஆம்ப்ளிஃபயர் பக்கமாக நீட்டிப் பிடித்தார். நாதஸ்வரம் கொஞ்ச நேரம் போனுக்குள் போனது.

"மாமா! ரெண்டு பக்கமும் பாடுதா?" மைத்துனரின் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது. "எனக்குத் தெரியும் மாமா, உங்க கை ராசி! என்ன பார்ட்ஸ் போட்டீங்க?"

தெய்வசிகாமணி ஹசீனாவைப் பார்த்தார். அவள் பல்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் போட்டதையெல்லாம் எடுத்தேன் மாப்ளே" என்றார்.