பாட்டை விட்டவன்

"கபடி ஆடுதது வேலையா மாஸ்டர், இல்ல வெறும் விளையாட்டா?"

கொம்பையா இதைக் கேட்டப்போ பேச்சிமுத்து மாஸ்டர் குத்த வெச்சு, களத்துல கிடந்த கல்லைப் பொறுக்கிக்கிட்டு இருந்தார். கல்லூரிக் கபடி அணிக்குக் கோச் அவர்தான், கல் பொறுக்குறதும் அவர்தான். அதே கல்லூரிக்கு ஆடினவர். இன்னும் முப்பத்தஞ்சு ஆகல. ஒப்பந்த வேலை. கோப்பை வந்தா அடுத்த வருஷமும் வேலை, வராட்டி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"எவம்ல கேக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானாத்தான் கேக்கேன்."

மாஸ்டர் அடுத்த கல்லுக்குக் கையை நீட்டினார்.

கொம்பையா அணியோட முதல் ரெய்டர். விளையாட்டு ஒதுக்கீட்டுல சேர்ந்தவன். படிப்பு இலவசம், ஹாஸ்டல் இலவசம், மூணு வேளைச் சாப்பாடு இலவசம்னு சொன்னாங்க. கேட்டதும் அவன் அம்மா ஆபீஸ் வாசல்லயே நின்னு கையெடுத்துக் கும்பிட்டா. சொன்னது எதுவும் பொய்யில்ல. ஆடுற வரைக்கும்தான் அதெல்லாம்னு மட்டும் யாரும் வாயைத் திறக்கல.

அரையிறுதியில செல்வினுக்கு முட்டி போச்சு.

செல்வின்தான் கொம்பையாவுக்கு ரூம்மேட். அணியில இடது மூலையில நிக்கிறவன், பிடிச்சா உடும்புப் பிடி. அன்னைக்கு எதிராளி ரெய்டரோட காலைக் கட்டிக்கிட்டு விடவே இல்ல. மேல நாலு பேரு வந்து விழுந்தாங்க. முட்டிக்குள்ள ஏதோ அறுந்த சத்தம் வெளியில உக்காந்திருந்தவனுக்கே கேட்டுச்சு. ஆனா பாயிண்ட் இவங்களுக்கு. அந்த ஒத்தப் பாயிண்ட்லதான் இறுதி ஆட்டத்துக்கே வந்தாங்க.

டாக்டர் ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லிட்டார். வார்டன் ரூமைக் காலி பண்ணணும்னு சொல்லிட்டார். ஆடாதவனுக்கு ஒதுக்கீடு ஏது? இறுதி ஆட்டம் முடிஞ்ச மறுநாள் ஒண்ணு ஃபீஸ் கட்டணும், இல்ல பெட்டியைக் கட்டணும்.

"செல்வின் முட்டியை யாரு பாக்கணும் மாஸ்டர்?"

"அவங்க வீட்டுல பாக்கணும்."

"அவங்க வீட்டுல என்ன இருக்கு? அவங்கம்மா பீடி சுத்துதா. ஒரு நாளைக்குச் சுத்துனது பஸ்ஸுக்கும் மாத்திரைக்கும் சரியாப் போவுது."

மாஸ்டர் இன்னொரு கல்லை எடுத்து எல்லைக்கு அந்தப் பக்கம் எறிஞ்சார்.

"சந்தையில மூட்டை தூக்குதவனுக்குக் கால் போனா சங்கத்துல நாலு பேரு வந்து நிப்பாங்க. மில்லுல ஒருத்தனுக்குக் கை போனா கேஸ் போடலாம். இவனுக்கு ஏன் மாஸ்டர் ஒண்ணுமே இல்ல?"

"அவங்கல்லாம் வேலை பாத்தாங்க. இவன் விளையாண்டான்."

"அதைத்தான் நானும் கேக்கேன்! காலேஜ் வாசல்ல என் படத்தை இம்புட்டுப் பெருசா வெச்சிருக்காங்க. அதைப் பாத்துட்டு வந்து சேருதவன் பணம் கட்டுதான். படத்துல நிக்கிறவனுக்கு ஒரு டீ உண்டா? வேலைன்னா கூலி குடுக்கணும். விளையாட்டுன்னா, இன்னைக்கு எனக்கு மனசில்ல, ஆடலன்னு சொன்னா விடணும். ரெண்டும் கிடையாதுன்னா நாங்க யாரு மாஸ்டர்?"

இந்தக் கேள்விக்கு மாஸ்டர்கிட்ட எப்பவும் ஒரு பதில் தயாரா இருக்கும். மண்ணைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு எறங்குறோம், கோயிலுக்குள்ள போறவன் கூலியா கேப்பான்னு ஒரு போடு போடுவார். பையங்க தலையைச் சொறிஞ்சுக்கிட்டுப் போயிருவாங்க.

அன்னைக்கு அது வாயில வரல. கையில இருந்த கல்லைக் கீழ போட்டார்.

"எனக்குத் தெரியல."

மாஸ்டர் திட்டுவார், அடிப்பார், விரட்டி விரட்டி ஓட வைப்பார். தெரியலன்னு மட்டும் அவர் சொல்லி கொம்பையா கேட்டதே இல்ல.

"அப்போ யாருக்குத்தான் தெரியும்?"

"தாளாளருக்கு. காலேஜ் அவரோடது. பதில் சொல்ல வேண்டியவரும் அவருதான்."

"அவரைப் பாக்க எத்தனை தடவை போயிருக்கேன் தெரியுமா? வராண்டாவுலயே மறிச்சிருதாங்க. கோச் மூலமா வான்னு சொல்லுதாங்க. நீங்க போனா முதல்வர் மூலமா வாங்கன்னு சொல்லுதாங்க."

"இறுதி ஆட்டத்துக்கு வருவாரு. முன்வரிசையில சோபாவுல உக்காந்திருப்பாரு."

"சுத்தி அம்புட்டு ஆளு நிப்பான். நம்மளக் கிட்ட விடுவானா?"

"ரெய்டுக்குப் போகும்போது உன்னை எவம்ல தடுப்பான்? அந்த நேரம் உன்னோடது. அம்புட்டுக் கூட்டமும் உன்னைத்தான் பாக்கும். அவரும் பாத்துத்தான் ஆவணும். அப்பக் கேளு."

கிண்டல் பண்றாரோன்னு கொம்பையா அவர் மூஞ்சியை உத்துப் பாத்தான். கபடி தெரிஞ்ச பச்சப்புள்ளகூட இப்படி ஒரு யோசனை சொல்லாது. பாடிக்கிட்டுப் போறவன் வாயில கபடி கபடிங்கிற அந்த ஒரு சொல்லைத் தவிர வேற சொல்லே வரக்கூடாது. வந்தா பாட்டு போச்சு. பாட்டு போனா அவுட்டு.

"பேசினா அவுட்டு குடுத்துருவாங்களே மாஸ்டர்."

"ஆமா."

"கோப்பை போயிரும். உங்க வேலையும் போயிரும்."

"போவும்."

"பெறவு ஏன் மாஸ்டர் இப்படிச் சொல்லுதீங்க?"

"நீ கேட்ட கேள்விக்கு வேற இடம் இந்தக் காலேஜுல எனக்குத் தெரியல," அப்படின்னுட்டு மறுபடியும் குனிஞ்சு கல் பொறுக்க ஆரம்பிச்சார்.

*

இறுதி ஆட்டம் அன்னைக்கு மைதானத்துல எள்ளு போட்டா எள்ளு விழாது. பந்தல், மைக், கொட்டு, எல்லாம் உண்டு. தாளாளர் முன்வரிசை நடுவுல உக்காந்திருந்தார். அவருக்கு இந்தப் பக்கம் முதல்வர், அந்தப் பக்கம் வார்டன். செல்வின் முட்டியில கட்டோட அணிப் பெஞ்சுல காலை நீட்டி உக்காந்திருந்தான். வர வேண்டாம்னு டாக்டர் சொல்லியும் கேக்கல.

கொம்பையா ஒவ்வொரு தடவை பாடிப் போகும்போதும் கேட்டிரணும்னுதான் போனான். போனா தாளாளர் போன்ல பேசிக்கிட்டு இருப்பார். இல்ல, யாரோ மாலை போட்டுக்கிட்டு இருப்பாங்க. சரி, அடுத்த தடவைன்னு ஒருத்தனைத் தொட்டுட்டுத் திரும்பிருவான். கூட்டம் ஆர்ப்பரிக்கும். நெஞ்சுக்குள்ள என்னமோ குளுகுளுன்னு இருக்கும். எதுக்கு வந்தோங்கிறதே மறந்து போவும். அதை நெனச்சா அவனுக்கு அவன் மேலயே கோவம் வந்துச்சு.

ஆட்டம் முடியப் போற நேரம். ரெண்டு பக்கமும் சமம். கொம்பையாவோட முறை.

அப்பத்தான் தாளாளர் போனைக் கீழ வெச்சார். சோபா நுனிக்கு வந்து உக்காந்தார். அவனையே பாத்தார்.

கொம்பையா மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுட்டு நடுக்கோட்டைத் தாண்டினான். கபடி கபடின்னு பாடிக்கிட்டே உள்ள போனான். எதிராளிங்க கையைக் கோத்து வளைச்சாங்க. அவன் அவங்களைப் பாக்கல. முன்வரிசைப் பக்கம் திரும்பி நின்னான்.

பாட்டை நிறுத்தினான்.

"ஐயா! செல்வின் முட்டிக்கு யாருங்கய்யா பொறுப்பு? ஆடுதது வேலைன்னா எங்களுக்குக் கூலி குடுங்க. விளையாட்டுன்னா அவனை ஏன் வெளிய தள்ளுதீங்க?"

மைதானம் கப்சிப்னு ஆயிடுச்சு. அவனைப் பிடிக்க வந்த பையங்ககூடக் கையை விட்டுட்டுத் திகைச்சுப்போய் நின்னாங்க.

நடுவர் விசில் ஊதினார். அவுட்.

கொம்பையா வெளியில வந்து உக்காந்தான். அவுட் ஆனவங்க உக்கார்ற இடம் சோபா வரிசைக்குப் பக்கத்துலதான். தாளாளர் முதல்வர் பக்கம் சாய்ஞ்சு கேட்டது அவன் காதுல அப்படியே விழுந்துச்சு.

"என்ன சொன்னான் அந்தப் பையன்?"

"ஒண்ணுமில்லைங்கய்யா. பாட்டை விட்டுட்டான். அவுட்டு."

"அப்படியா? வேற ஆளு இருக்கான்ல?"

"இருக்காங்கய்யா."

அம்புட்டுத்தான்.

அதுக்குள்ள பெஞ்சுல இருந்து செல்வின் அலறினான். "ஏல கொம்பையா! ஏம்ல பாட்டை விட்ட? உனக்குக் கோட்டி பிடிச்சிருக்கால?"

"உனக்காகத்தாம்ல கேட்டேன்."

"நான் கேக்கச் சொன்னனா? என் முட்டியைக் குடுத்து வாங்கின ஆட்டம்ல இது! இதைப் போயி இப்படித் தூக்கிப் போட்டுட்டியே, பாவி!"

செல்வின் கண்ணுல பொலபொலன்னு தண்ணி. பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திரிச்சுட்டான். "மாஸ்டர், என்னை எறக்குங்க. மூலையில சும்மா நின்னுக்கிடுதேன். ஒத்தக் கால் போதும் மாஸ்டர், பிடிச்சிருவேன்."

மாஸ்டர் தலையை ஆட்டினார். அவன் கேக்கல. நொண்டி நொண்டிக் கோட்டுக்கிட்ட வந்தான், முட்டி மடங்கிருச்சு, தொப்புன்னு விழுந்தான். விழுந்தவன் அங்கயே கிடந்து மண்ணைத் தொட்டுக் கும்பிட்டான். ரெண்டு பேரு வந்து தூக்கிட்டுப் போனாங்க.

அந்த ஒத்தப் பாயிண்ட்ல தோத்தாங்க. கோப்பை எதிர்க் காலேஜுக்குப் போச்சு.

பரிசு குடுத்து முடிச்சதும் தாளாளர் மைக்கை வாங்கினார். "கோப்பை கிடக்கட்டும்! கால் போயும் நான் எறங்குதேன்னு நின்னான் பாருங்க, அவன் வீரன்! அந்தத் தம்பியைக் கூட்டிட்டு வாங்க."

செல்வினைக் கைத்தாங்கலா மேடையில ஏத்தினாங்க. தாளாளர் ஜரிகை போட்ட சால்வையைப் பிரிச்சு அவன் தோள்ல போர்த்தினார். போட்டோ எடுத்தாங்க. கைதட்டல் அடங்க ரொம்ப நேரம் ஆச்சு. வார்டனும் எழுந்து நின்னு தட்டினார்.

"தோத்துட்டோம்யா, மன்னிச்சிருங்கய்யா," அப்படின்னு செல்வின் தாளாளர் காலைத் தொடப் போனான். குனிய முடியல. சால்வை நழுவாம ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். அழுகையும் சிரிப்புமா அவன் மூஞ்சியே ஜொலிச்சுச்சு.

கொம்பையாவால அதைப் பாக்க முடியல. கூட்டத்தை இடிச்சுக்கிட்டு மாஸ்டர்கிட்ட வந்தான்.

"நாளைக்கு இவன் ரூமைக் காலி பண்ணணும் மாஸ்டர். இந்தக் கால் இனி நேராகாது. இவன் என்னடான்னா சிரிக்கான். நீங்களாவது அவன்கிட்டச் சொல்லுங்களேன்."

மாஸ்டர் மேடையையே பாத்துக்கிட்டு நின்னார்.

"என்னத்தல சொல்ல? எனக்குச் சால்வை போட்டப்ப நான் இவனை விட நல்லாச் சிரிச்சேன்."