மான் தரையைத் தட்டிய நாள்

விலங்குகளும் பறவைகளும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு கடுங்கோடை. காட்டில் எல்லாக் குட்டைகளும் வற்றி, ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதன் கரைக்குப் பொட்டழகி என்ற புள்ளிமான் வந்தாள். பின்னால் புதரடியில் அவள் குட்டி நிற்கத் தெம்பில்லாமல் கிடந்தது. தாய்க்குத் தண்ணீர் இறங்கினால்தான் குட்டிக்குப் பால்.

வாயை வைக்கப்போனாள். எதிர்க்கரை நாணல் ஆடியது.

“ஓடு!” என்றது கரையில் நின்ற மயில். காட்டுக்கே காவல் தான்தான் என்று அதற்கு நினைப்பு. “வெறும் காத்துக்கு நாணல் இப்படி ஆடுறது நூத்துல ரெண்டு தடவைதான். எண்ணிப் பாத்திருக்கேன். நூத்துல அஞ்சுக்குக் கீழே போனா, அது காத்து இல்லைன்னு வச்சு ஓடணும். அதான் என் சட்டம்.”

“நீ சும்மா இரு,” என்றது மரத்திலிருந்த குரங்கு. “இந்தப் பக்கம் புலி வந்து ஆறு மாசமாச்சு. பன்னி தினமும் வருது. நாணல் ஆடினா பன்னின்னுதான் நினைக்கணும். நீ குடி தாயி.”

“மனசுல ஒண்ணை வச்சுக்கிட்டுப் பாத்தா கண்ணு தெரியுமா?” என்றது மயில்.

“தெரிஞ்சதை எல்லாம் மறந்துட்டுப் பாக்குறதுக்குப் பேரு பார்வையா?”

இரண்டுமே கெட்டிக்கார ஜென்மங்கள். அதுதான் தொல்லையே! நேற்று மயில் பேச்சைக் கேட்டுத் தாகத்தோடு ஓடினாள், வந்தது பன்றி. ஆறு மாதத்துக்கு முன்னால் குரங்கை நம்பி நின்ற அவள் அக்கா திரும்பவே இல்லை. ஓடினால் குட்டி சாகும். நின்று, புலி பாய்ந்தால் இரண்டு பேரும் சாக வேண்டியதுதான்.

“புலி இருக்கா இல்லையான்னு கேட்டா, மயிலு காத்தைப் பத்திச் சொல்லுது, நீ பழசைப் பத்திச் சொல்றே. நான் நாணலையே கேட்டுக்கிறேன்,” என்று குரங்கிடம் சீறினாள்.

முன்னங்காலைத் தூக்கித் தரையில் ஓங்கித் தட்டினாள்.

பன்றியாக இருந்தால் உறுமிக்கொண்டு ஓடியிருக்கும். காற்றுக்கோ காது கிடையாது. நாணல் முழுக்க ஆடிக்கொண்டிருக்க, ஓரிடம் மட்டும் தட்டின சத்தத்துக்குச் சட்டென்று அடங்கியது. இன்னொரு தட்டு. அப்போதும் அந்த இடம் அசையவில்லை. சத்தம் கேட்டும் ஓடாமல் மூச்சடக்கிப் பதுங்குவது புலி ஒன்றுதான்.

“புலி! புலி!” முதலில் அலறியது குரங்குதான். நினைப்பை மாற்றிக்கொள்ள அதற்கு வெட்கமே இல்லை. மயிலும் சேர்ந்து கத்தியது. ஒளிந்திருந்தது அம்பலமானதும் புலி எழுந்து, யாரையும் பார்க்காமல் மலையேறிப் போய்விட்டது. பொட்டழகி வயிறு நிறையக் குடித்தாள்.

“நான் அப்பவே சொன்னேன்ல?” என்றது மயில்.

“அப்ப சொன்னது அப்ப சரி, இப்ப சொன்னது இப்ப சரி,” என்றது குரங்கு.

பொட்டழகி குட்டியிடம் ஓடினாள்.

அன்று முதல்தான், சந்தேகம் வந்தால் புள்ளிமான் உடனே ஓடுவதுமில்லை, தலையைக் குனிந்து குடிப்பதுமில்லை. முன்னங்காலால் தரையைத் தட்டி, மறுபடி ஒரு தடவை பார்க்கிறது.