மூச்சு வாங்கிய இடங்கள்

ஒரு பாட்டு வெளியே போகுமுன் கடைசியாக அதைத் தொடுவது ரெஜினா. சாலிகிராமத்தில் அவருடைய மாஸ்டரிங் அறை இருந்தது. தலை நரைக்கும்வரை பல ஸ்டுடியோக்களில் மிக்ஸிங் செய்த தணிகாசலம், தன்னைவிட இளையவரான ரெஜினாவிடம் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வந்திருந்தார்.

ஒருநாள் ஒரு தாலாட்டு வந்தது. வாத்தியமே இல்லை, குரல் மட்டும். பாடியவர் பிலோமினா. காலமெல்லாம் கோரஸில் நின்றவர், நீண்ட சிகிச்சைக்குப் பிறகு முதல்முறையாகத் தனியே பாடியிருந்தார்.

"குரல் களைச்சுப் போயிருக்கு. சரி பண்ணுங்க. இல்லைன்னா வேற ஆளைப் பாட வெச்சுக்கறேன்" என்றிருந்தார் இசையமைப்பாளர் நம்பி.

தணிகாசலம் நாள் முழுக்க உட்கார்ந்தார். குரலைப் பளபளப்பாக்கினார். சத்தத்தை ஏற்றினார். பிலோமினா மூச்சு வாங்கிய இடங்களையெல்லாம் வெட்டினார். கண் எரிந்தது.

"மேடம், இன்னும் என்ன செய்யணும்?"

ரெஜினா முழுப் பாட்டையும் கேட்டார். பிலோமினாவுக்கு போன் செய்து, வரச் சொன்னார்.

மறுநாள் மதியம் பிலோமினா மெல்ல மாடி ஏறி வந்தார். ரெஜினா பாட்டைப் போட்டார். கண்ணை மூடிக் கேட்ட பிலோமினா, முடிந்ததும் கைப்பையை எடுத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் பாடியிருக்காங்க. யாரு?"

தணிகாசலம் ரெஜினாவைப் பார்த்தார்.

"பரவாயில்லம்மா. வேற ஆளைப் போட்டாச்சுன்னு போன்லயே சொல்லியிருக்கலாம். இந்தப் படியெல்லாம் ஏறியிருக்க மாட்டேன்."

தணிகாசலம் எழுந்துவிட்டார். "அம்மா, அது நீங்கதான்."

"எதுக்கு சார் சமாதானம் சொல்றீங்க?"

ரெஜினா, நம்பி அனுப்பியதை அப்படியே போட்டார். பிலோமினாவின் உதடுகள் கூடவே அசைந்தன.

"இதுதாம்மா. கடைசி வரியை இழுக்க முடியல. விட்டுட்டேன்" என்றார்.

அவர் போனபின், குரலை அப்படியே விட்டுவிடலாம் என்று ரெஜினா நம்பியிடம் போனில் பேசினார். நம்பி நெடுநேரம் வாதாடிவிட்டு, "சரி, உங்க இஷ்டம்" என்று போனை வைத்தார்.

தணிகாசலம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எல்லாத்தையும் பழையபடி வெச்சுடறேன். அப்ப இதுல நமக்கு வேலையே இல்லையா மேடம்?"

"இருக்கு சார். பின்னால எங்கேயோ ஒரு ஃபேன் இரையுது. அதை எடுங்க. அது அவங்களோடது இல்ல."