வடிவம்மை தோற்ற வழக்கு

செங்காட்டு நாட்டில் சட்டம் படிப்பது சுலபம். படித்து முடித்த பிறகு என்ன செய்வது என்பதுதான் எவருக்கும் தெரியாது. அதைச் சொல்லித் தருவதற்கென்றே அரண்மனையின் தலைமை வழக்குரைஞர் தாண்டவராயர் ஆண்டுக்கொரு முறை சட்டசாலைக்கு எழுந்தருளுவார்.

அந்த ஆண்டு அவரோடு அரசவை விகடகவி பிச்சாண்டியும் போயிருந்தான். அங்கே விருந்து பிரமாதமாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

ராயர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பிள்ளைகளே, இந்தத் தொழிலில் முன்னேறப் பொறுமை வேண்டும். என்னிடம் வந்து சேருங்கள். குடை பிடியுங்கள். வெற்றிலை மடித்துக் கொடுங்கள். நான் தூங்கும்போது விசிறுங்கள். விசிறும்போது நீங்கள் தூங்காதீர்கள். மற்றதெல்லாம் தானாக வரும்."

மாணவர்கள் பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். வடிவம்மை என்ற பெண் மட்டும் எழுந்தாள். தேர்வில் முதலாவதாக வந்தவள் அவள்.

"ஐயா, மன்றத்தில் வாதாட எங்களை எப்போது விடுவீர்கள்?"

"அனுபவம் வந்த பிறகு."

"அனுபவம் எப்போது வரும்?"

"வாதாடிய பிறகு."

பிச்சாண்டி கடிக்கப்போன லட்டை இலையிலேயே திரும்ப வைத்தான்.

ராயர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 'இந்த மன்றத்தில் ஒரு வழக்காவது வாதாடியவரே இந்த மன்றத்தில் வாதாடலாம்' என்று அரசாணையே இருந்தது. தொழிலின் தரம் கெட்டுவிடும் என்று சொல்லி, மன்னன் விசயமாறனிடம் அதை வாங்கியவர் ராயர்தான். ஆணை வருவதற்கு முதல் நாள் அவருடைய மருமகன்கள் இருவரும் அவசரமாக ஒரு வழக்கை வாதாடி முடித்திருந்தார்கள். ஆடு ஒன்று தோட்டத்தில் மேய்ந்த வழக்கு. ஒருவன் ஆட்டுக்காரன் பக்கம், மற்றவன் தோட்டக்காரன் பக்கம். ஆக, நாட்டில் வழக்குரைஞர்கள் மூன்றே பேர். விசாரணைக்காகச் சிறையில் காத்துக் கிடந்தவர்களுக்கோ இடமே போதவில்லை.

பிச்சாண்டி நேரே மன்னனிடம் போனான். விஷயத்தைச் சொன்னான். மன்னனுக்குச் சங்கடமாகிவிட்டது.

"ஆணை போட்டது நான். இப்போது திரும்பப் பெற்றால் யோசிக்காமல் போட்டேன் என்று ஊர் சிரிக்கும். ஒன்று செய். ஆணையில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது, மீறவும் கூடாது. அப்படி அந்தப் பெண்ணை வாதாட வைத்துவிடு. முடியாவிட்டால் இனி நீதான் ராயருக்கு விசிற வேண்டும்."

பிச்சாண்டி வடிவம்மையைத் தேடிப் போனான். "நாளை மன்றத்துக்கு வந்து உன் குறையைச் சொல். குறை சொல்ல எந்தக் குடிமகளுக்கும் உரிமை உண்டு. நன்றாகப் பேசு. ஜெயிக்க வேண்டும் என்று இல்லை."

அவளுக்குக் கோபம் வந்தது. "தோற்பதற்கா விழுந்து விழுந்து படித்தேன்?"

"நாளை ஒரு நாள் மட்டும் என்னை நம்பு அம்மா."

அரை மனதோடு வந்தாள். ஆனால் பேசத் தொடங்கியதும் மன்றம் நிமிர்ந்து உட்கார்ந்தது. "அரசே, ராயர் ஐயா முதல் வழக்கை வாதாடிய அன்று அவருக்கு என்ன அனுபவம் இருந்தது? அன்று இந்த ஆணை இருந்திருந்தால் இன்று நமக்கு ராயர் ஐயாவே கிடைத்திருக்க மாட்டாரே?"

மன்னன் திரும்பினான். "ராயரே, பதில் உண்டா?"

"இவளுக்கெல்லாம் நான் பதில் சொல்வதா?" என்று ராயர் கையைக் கட்டிக்கொண்டு விட்டத்தைப் பார்த்தார்.

பிச்சாண்டி பார்த்தான். இவர் எழுந்திருக்காவிட்டால் எல்லாம் பாழ். பக்கத்தில் இருந்த மந்திரியின் காதில் சொல்வதுபோல, மன்றம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: "பதில் தோன்றவில்லை போலிருக்கிறது. பாவம், வயதாகிவிட்டது."

ராயர் துள்ளி எழுந்தார். "எனக்கா பதில் தோன்றவில்லை? என் தகப்பனார் தலைமை வழக்குரைஞர். அவருடைய தகப்பனாரும் அப்படியே. எனக்குப் பிறவியிலேயே அனுபவம் உண்டு." அவள் மறுத்தாள். அவர் மடக்கினார். அவள் நீதிநூலைக் காட்டினாள். அவர் அதற்கு உரை சொன்னார். உச்சிப்பொழுதில் தொடங்கியது, நிழல் நீளும்வரை ஓயவில்லை. கடைசியில் ராயர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கர்ஜித்தார்: "அரசே, ஆணை என்றால் ஆணைதான். வழக்கைத் தள்ளுபடி செய்யுங்கள்."

மன்னன் பெருமூச்சு விட்டான். "ஆணை செல்லும். வழக்கு தள்ளுபடி. ராயருக்கே வெற்றி."

வடிவம்மையின் கண் கலங்கிவிட்டது. பிச்சாண்டி எழுந்து கைகூப்பினான்.

"ராயருக்கு வாழ்த்துகள். அரசே, அவர் யாரை வென்றார்?"

"இதென்ன கேள்வி? வடிவம்மையை."

"எதில்?"

"இந்த வழக்கில்."

"எந்த மன்றத்தில்?"

"இந்த மன்றத்தில்தா..." மன்னன் பாதியில் நிறுத்தினான்.

"ஆணையில் ஓர் எழுத்தும் மாறவில்லை அரசே. இந்த மன்றத்தில் ஒரு வழக்கு வாதாடியவர் வாதாடலாம். வடிவம்மை வாதாடிவிட்டாள். தோற்றவர்கள் கூடாது என்று ஆணையில் எங்கும் இல்லை."

"இது வழக்கே அல்ல" என்றார் ராயர்.

"அப்படியானால் தீர்ப்பும் இல்லை. நீங்கள் ஜெயிக்கவும் இல்லை. அப்படியே அறிவித்துவிடலாமா?"

சபை முழுக்க ராயரையே பார்த்தது. ஒரு சின்னப் பெண்ணோடு இவ்வளவு நேரம் மல்லுக்கட்டியும் ஜெயிக்கவில்லை என்று வெளியே போனால் மானம் என்னாவது?

"வழக்குதான்" என்றார் மெல்ல.

மன்னன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டியின் கழுத்தில் போட்டான். சிறையில் வெகுகாலமாகக் கிடந்த ஒரு குயவனின் வழக்கை வடிவம்மையிடம் ஒப்படைத்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குயவனைப் பார்க்க அப்போதே புறப்பட்டுவிட்டாள்.

ராயர் மட்டும் மேல்துண்டை உதறியபடி முணுமுணுத்தார். "போகட்டும், ஒருத்திதானே."

"ஒருத்தி இல்லை ராயரே" என்றான் பிச்சாண்டி. "வாசலில் சட்டசாலையே வந்து நிற்கிறது. எல்லோருக்கும் உங்களிடம் தோற்க வேண்டுமாம்."