கற்பூரவல்லியும் அழகுப்புல்லும்

"அம்மா, ரெண்டுல எதை நடட்டும்?"

மாசிலாமணி இதை ஆடியில் கேட்டார். ஆவணியில் கேட்டார். புரட்டாசியில் இரண்டு தடவை கேட்டார்.

தோட்டத்தம்மா வெண்டைச் செடியில் புழு பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நடப்போறது நீங்க," என்றார்.

சிறுமலைச் சரிவில் அம்மா நடத்திய தோட்டக் குடிலுக்கு ஒரே ஒரு சட்டம்தான். வருகிறவர் யாராக இருந்தாலும், தங்கும் அறையின் வாசலில் தன் கையால் ஒரு செடி நட வேண்டும். ஒன்றே ஒன்று. அதன் பிறகுதான் மனதில் இருக்கும் கேள்வியைக் கேட்கலாம். அதற்கு முன்னால் எப்பேர்ப்பட்ட ஆள் கேட்டாலும் அம்மாவின் காதில் ஏறாது.

பலரும் வந்த அன்றே கையில் கிடைத்ததை நட்டுவிடுவார்கள். காரைக்குடியிலிருந்து வந்த டீச்சர் ஒருவர் கனகாம்பரம் நட்ட கையைக்கூடக் கழுவவில்லை. மண்ணோடு கேட்டார், அழுதார், மதிய பஸ்ஸில் மலையிறங்கிப் போனார்.

மாசிலாமணிக்கு அது கைவரவில்லை. முப்பத்தைந்து வருடம் சர்வேயர் வேலை பார்த்தவர். அளக்காமல் ஓர் அடி எடுத்து வைத்துப் பழக்கமில்லை. வயது அறுபத்து மூன்று, அம்மாவுக்கோ நாற்பத்தொன்றுதான். இருந்தும் அம்மாவைக் கண்டால் மடித்துக் கட்டிய வேட்டி தானாக இறங்கிவிடும்.

அவருடைய கேள்வி மூன்றே வார்த்தை.

பூரணம் திரும்பி வருவாளா?

பூரணம் அவர் மனைவி. ஆறு வருடமாக அவருடன் இல்லை.

வாசலில் நடுவதை, அவள் தன்னைத் தேடி இங்கே வந்தால் பார்ப்பதற்காகவே நட வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டார். அதோடு முடிவுகள் தீர்ந்துபோயின. வரும் வழியில் நர்சரியில் இரண்டு செடிப் பை வாங்கியிருந்தார். ஒன்றில் கற்பூரவல்லி. இன்னொன்றில் ஊதா நிறத்தில் ஓர் அழகுப்புல். அதற்கு நர்சரிக்காரர் சொன்ன பெயர் வாயில் நுழையவில்லை. தண்ணீர் ஊற்ற வசதியாக இரண்டையும் குழாயடியில் வைத்தார். ஒரு நோட்டை எடுத்து, இடப்பக்கம் மூலிகை, வலப்பக்கம் புல் என்று எழுத ஆரம்பித்தார்.

ஆவணியில் நோட்டோடு அம்மாவிடம் வந்தார்.

"அம்மா, கற்பூரவல்லி வருஷக்கணக்கா நிக்கும். இருமலுக்கு ஆகும், பஜ்ஜிக்கு ஆகும். அவளுக்கு அந்தப் பஜ்ஜின்னா உசிரு. ஆனா பாக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. வாசல்ல அது இருக்கறதே தெரியாது."

அம்மா ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி அவர் மூக்கருகே நீட்டினார். பிறகு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த வாசனையில் மாசிலாமணி பழைய நாளுக்குப் போய்விட்டார். குவார்ட்டர்ஸ் சமையலறை, எண்ணெய்ச் சட்டி, "ஏங்க, சூடா இருக்கு, பாத்து" என்ற குரல். வெகுநேரம் குழாயடியிலேயே உட்கார்ந்திருந்தார்.

அன்றே நட்டிருக்கலாம். மனுஷன் நோட்டில் எழுதினார்: மணம், கசக்கினால் மட்டும்.

புரட்டாசியில் மறுபடி வந்தார்.

"புல்லுதான் சரின்னு படுது. அது பூத்துச்சுன்னா ரோட்டு வளைவுலேருந்தே தெரியும். பஸ்ஸை விட்டு இறங்குறப்பவே அவ கண்ணுல படும்."

"அப்ப நடுங்க."

"ஒரு சங்கடம் இருக்கும்மா. வருஷத்துக்கு ஒருதரம் அதை ஒட்ட வெட்டணுமாம். வெட்டுனா ஒரு மாசம் மொட்டையா நிக்கும். அவ அந்த மாசம் பாத்து வந்துட்டா?"

அம்மா குனிந்து, புல்லில் வந்திருந்த ஒற்றைப் பூங்கதிரில் மெல்ல ஊதினார். கதிர் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது. மாசிலாமணி அதையே பார்த்தபடி நின்றார்.

"அவ தலை காயவைக்கிறப்ப இப்படித்தான்..." என்றார்.

"புல்லு தூரத்துலேருந்து தெரியும்," என்றார் அம்மா. "கற்பூரவல்லி கிட்ட வந்து தொட்டாத்தான் தெரியும். அவங்க எதுவரைக்கும் வருவாங்க?"

மாசிலாமணி நோட்டைப் புரட்டினார்.

ஐப்பசி முழுக்க மழை கொட்டியது. அவர் குடையைப் பிடித்துக்கொண்டு போய் பைகளைப் பார்த்துவிட்டு வருவார். இரண்டும் தளதளவென்று இருந்தன. எது அதிகம் தளதளக்கிறது என்பதையும் எழுதினார்.

கார்த்திகை பிறக்க மூன்று நாள் இருக்கையில், ஒரு காலையில் மழை விட்டது. அம்மா அவருடைய அறை வாசலில் ஒரு குழி வெட்டினார். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார்:

"ரெண்டையும் எடுத்துட்டு வாங்க."

"ரெண்டையுமா? ஒண்ணுன்னுதானே சட்டம்?"

"எடுத்துட்டு வாங்க ஐயா."

மாசிலாமணி குழாயடிக்குப் போனார். புல் பையைத் தூக்கினார். அசையவில்லை. ஈரத்தில் கனத்துப்போயிற்று என்று நினைத்துக் கற்பூரவல்லிப் பையைப் பிடித்து இழுத்தார். ஒரு விரல்கடை எழும்பியது. அடியில் ஏதோ அறுபட்டது.

அவர் கை நின்றுவிட்டது.

மண்டி போட்டுக் குனிந்து பார்த்தார். தண்ணீர் வடியப் பையின் அடியில் போட்டிருந்த ஓட்டைகள் வழியாக வேர்கள் இறங்கித் தரைக்குள் போயிருந்தன. சேற்றில் வெள்ளையாக ஒரு வேர் அறுந்து கிடந்தது.

அம்மா பின்னால் வந்து நின்றார்.

"எத்தனை நாளா இங்க வச்சிருக்கீங்க?"

"நாலு மாசமா."

"தண்ணி?"

"ரெண்டு வேளை. மழை பெஞ்ச நாள்தான் ஊத்தல."

"நல்லாத்தான் வளத்திருக்கீங்க."

அவருக்கு முகம் சிறுத்துவிட்டது. "வாசல்லதானேம்மா நடணும்?"

"குழி வெட்டி வச்சிருக்கேன். பிடுங்கிட்டு வந்து நடுங்க. பிழைச்சாலும் பிழைக்கும்."

மாசிலாமணி கற்பூரவல்லியின் மேல் கை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். எத்தனையோ பேருடைய வயலில் வரப்பு தள்ளிப் போயிருக்கிறது என்று கொஞ்சமும் தயங்காமல் எல்லைக்கல்லைப் பிடுங்கி நட்ட கை அது.

"முடியலம்மா," என்றார்.

அம்மா இடுப்பில் செருகியிருந்த சின்னக் கத்தியை எடுத்துக் கொடுத்தார்.

அவர் பையைப் பக்கவாட்டில் கீறினார். செடியைத் தூக்காமல் பாலிதீனைத் துண்டு துண்டாக உருவி எடுத்தார். புல்லுக்கும் அப்படியே செய்தார். அறுந்த வேரின்மேல் மண்ணை அணைத்தார். சுற்றிலும் உள்ளங்கையால் அழுத்திவிட்டார். இதற்கெல்லாம் அரை மணி நேரம் ஆனது. நோட்டு மழைத்தண்ணீர் தேங்கிய கல்லின்மேல் கிடந்து ஊறிக்கொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை.

"நட்டாச்சா?" என்றார் அம்மா.

"நான் எங்கம்மா நட்டேன்? அதுவா நட்டுக்கிச்சு. அதுவும் ரெண்டு. அதுவும் வாசல்ல இல்ல."

"சட்டம் போட்டவ நான். கேள்வியைக் கேளுங்க."

மாசிலாமணி கையில் ஒட்டிய சேற்றைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"பூரணம் சண்டை போட்டுட்டுப் போகலம்மா," என்றார் கடைசியில். "ஊருல ரெண்டு மனை விலைக்கு வந்துச்சு. ஒண்ணு கிழக்கு பாத்தது, ஒண்ணு வடக்கு பாத்தது. எதுல வீடு கட்டலாம்னு கேட்டுக்கிட்டே இருந்தா. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். பதினோரு வருஷம். வாடகை வீடுதான், குவார்ட்டர்ஸ்தான். கடைசில அம்பாசமுத்திரத்துல அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வாறேன்னா. பத்து நாள்னு சொன்னா."

அம்மா குழாயைத் திறந்து கை கழுவினார்.

"அவளா வரட்டும்னு இருந்தேன். தினமும் ரெண்டு தம்ளர் எடுத்து வச்சுத்தான் காப்பி போடுவேன். வந்தா இருக்கட்டுமேன்னு."

"இப்ப எங்க இருக்காங்க?"

"அங்கதான். தனியா வீடு பிடிச்சுட்டாளாம். பால்வாடியில சமைக்கிறாளாம். பிள்ளைங்க அவளைச் சாப்பாட்டம்மான்னு கூப்பிடுதாம். வாசல்ல முல்லைக்கொடி ஏத்தி, அது கூரை வரைக்கும் போயிடுச்சாம். அந்தப் பக்கம் போனவங்க வந்து சொன்னாங்க."

சொல்லிக்கொண்டே அவர் கற்பூரவல்லியின் அடியைப் பார்த்தார். அணைத்த மண்ணில் லேசாக வெடிப்பு விட்டிருந்தது. விரலால் மூடினார்.

கண்ணில் நீர் நிறைந்தது. துடைக்கலாம் என்றால் கையெல்லாம் சேறு.

"கேள்வி?" என்றார் அம்மா.

மாசிலாமணி எழுந்து நின்றார். அவளைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை, இத்தனை வருடத்தில் முதல் முறையாக, கால் வரைக்கும் இறங்கியிருந்தது. ஆனால் வாயில் வந்தது, அவர் மலையேறிக் கொண்டுவந்த கேள்வி இல்லை.

"அம்மா, அந்த வீட்டுல எனக்கு ஒரு இடம் இருக்குமா?"

"அதை என்கிட்ட ஏன் ஐயா கேக்குறீங்க?" என்றார் தோட்டத்தம்மா.