முந்நூறு பணிமனைகளிலும் இல்லை

"டீச்சர், இந்த ஸ்கிரிப்ட் பொய் சொல்லுது" என்றார் மாசானமுத்து.

ஓய்வுபெற்ற கண்டக்டர். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஜெமீலாவின் கணினி மையத்தில் ஆறு மாதமாகப் படிக்கிறார். அவருக்கு மகளாகும் வயது அவளுக்கு.

"என்ன பொய், அண்ணாச்சி?"

"அருளப்பன் எங்கயும் இல்லைங்குது."

பழைய பஸ் ஊழியர்களின் சங்க இணையப் பக்கம் அது. ஒரு பெட்டியில் பணிமனையைத் தேர்ந்தெடுத்தால்தான் அடுத்த பெட்டியில் பெயர்கள் வரும், போன் எண்ணோடு. முந்நூறு பணிமனையையும் கையால் தொட்டு மாளாது. அந்த வேலையை அவர் தானே எழுதிய சின்ன நிரலிடம், அந்த ஸ்கிரிப்டிடம், விட்டிருந்தார். கண் மூடித் திறப்பதற்குள் அது முடித்துவிட்டது. முந்நூறுக்கும் "இல்லை."

"யாரு அருளப்பன்?"

"என் டிரைவர். பதினாலு வருசம் ஒரே வண்டி. முதல் டிரிப்ல மல்லிப்பூக் கூடை ஏத்துவோம் பாருங்க, ராத்திரி வரைக்கும் வண்டி மணக்கும். வளைவுல அவன் ஹார்ன் அடிச்சா மாடு கூடத் தலையாட்டும்." சிரித்தார். சட்டென்று முகம் சுண்டியது. "இருபத்திரண்டு வருசமாப் பேச்சில்லை. எந்தப் பணிமனைக்கு மாறிப் போனான்னும் தெரியல. இப்பப் படுத்த படுக்கையாம். அவன் போறதுக்குள்ள நறுக்குனு ஒரு கேள்வி கேக்கணும்."

ஜெமீலா தாளும் பேனாவும் எடுத்தாள்.

"கடைசியா எங்க பார்த்தீங்க?"

மாசானமுத்து வாயைத் திறந்தார்.

"என்ன சண்டை?"

"அது வந்து..."

"யார் மேல தப்பு?"

"ஏ பிள்ளே..."

மூன்று கேள்விகளையும் எழுதி, பதிலுக்கு நேரே "இல்லை" என்று போட்டு நீட்டினாள்.

"சொல்ல விட்டாத்தானே!"

ஜெமீலா திரையைப் பார்த்தாள்.

அவரும் பார்த்தார். பணிமனையைத் தொட்டபின் பெயர்கள் வர இரண்டு நொடியாவது ஆகும். அவருடைய ஸ்கிரிப்ட் அதற்குள் அடுத்த பணிமனைக்கு ஓடியிருந்தது.

பெயர்கள் வரும்வரை நிற்கும்படி ஒரு வரி சேர்த்தார்.

இப்போது அது நின்று நின்று போனது. நூற்றுப் பன்னிரண்டாவது பணிமனையில் அருளப்பன் பெயர் வந்தது.

மாசானமுத்து போனில் அந்த எண்ணை அழுத்தினார். மணி போனது.

"என்ன கேக்கப் போறீங்க?"

"அன்னைக்குக் கேட்டதுதான். என் மேல மேலிடத்துக்குப் புகார் எழுதிப் போட்டது நீதானேன்னு கேட்டேன். கேட்டுட்டு வண்டியை விட்டு இறங்கிட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

மாசானமுத்துவின் பார்வை திரையில் தான் சேர்த்த அந்த ஒரு வரிக்குப் போனது.

"யாரு?" என்றது போனில் ஒரு மெலிந்த குரல்.

"மாசானம்லே" என்றார். "நீ சொல்லு."